இற்ற பலகைதான் வரைபடம்: ஒரு பாய்மரப் படகை மீட்ட குறிப்புகள்

பழைய மரப்படகு ஒன்று கைக்கு வந்ததும், இற்றுப்போனதை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு நல்ல மரத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த மாதிரிப் படகுகளுக்குக் காகிதத்தில் வரைபடம் கிடையாது. கட்டியவர் கண்ணளவிலும் கையளவிலும், மிஞ்சினால் ஒன்றிரண்டு அச்சுகளை வைத்தும் கட்டியிருப்பார். அந்த அச்சுகள் இன்று இருக்காது, பெரும்பாலும் அவரும் இருக்க மாட்டார். மிச்சம் இருக்கும் ஒரே வரைபடம் அந்தப் படகுதான். விரலால் அழுத்தினால் உள்ளே போகும் பலகையில்கூட அதன் வளைவு இருக்கிறது, அகலம் இருக்கிறது, எங்கெங்கே ஆணி அடித்தார்கள் என்பது இருக்கிறது. பிய்த்துப் போட்டால் அது போச்சு. மீட்பு வேலை என்று சொல்லி வேறொரு புதுப் படகைத்தான் கட்டி முடித்திருப்போம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான படகு. பலகையின் விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, வெளிப்பக்கம் வழவழப்பாக வரும்படி கட்டியது. ஒற்றைப் பாய்மரம், சாய்ந்த பருமலில், அதாவது பாயைத் தாங்கும் நீண்ட கழியில், கட்டும் முக்கோணப் பாய். வருடக்கணக்கில் கரையில் கிடந்திருக்கிறது. மேலே போட்ட தார்ப்பாய் நடுவில் குழிந்து, அதில் தேங்கிய மழைநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. இடது பக்கத்தில் ஒரு பலகை பிளந்து, இடுக்குகளில் பகல் வெளிச்சம் தெரிந்தது. பார்க்கிற எல்லோரும் விறகுக்குத்தான் ஆகும் என்றார்கள். ஆனால் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும் விளிம்புக் கோட்டைக் குனிந்து பார்த்தால், அங்கங்கே தொய்ந்திருந்தாலும், அதைக் கட்டியவரின் கை இன்னும் தெரிந்தது. அந்தக் கோட்டுக்காகத்தான் இத்தனையும்.

முதல் வேலை, தாங்கல். கைவிடப்பட்ட படகைப் பெரும்பாலும் நடுவில் ஒரு கட்டை, பக்கத்துக்கு ஒரு முட்டு என்று நிறுத்தியிருப்பார்கள். முன்னும் பின்னும் அந்தரத்தில் தொங்கும். கனம் வருடக்கணக்கில் கீழே இழுக்க இழுக்க இரண்டு முனையும் தாழ்ந்து, நடு முதுகு எழும்பி, ஏரா, அதாவது படகின் முதுகெலும்பான அடிமரம், வில் மாதிரி வளைந்துவிடும். தண்ணீரில் கிடக்கும் படகுக்கும் இது வரும், ஏனென்றால் ஒல்லியான முனைகளைத் தண்ணீர் தாங்குவது குறைவு, அகன்ற நடுவைத் தாங்குவது அதிகம். 1797-இல் நீரில் இறங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷனுக்கே இப்படிச் சுமார் 13 அங்குலம் முதுகு எழும்பியிருந்தது. 1992-இல் உலர்துறையில் ஏற்றியபோது, தாங்கு கட்டைகளின் மேல் அதன் அடிமரம் தன் கனத்திலேயே மெல்லப் படியும்படி செய்தார்கள். பழைய வடிவமைப்பில் இருந்து, இடைக்காலப் பழுதுபார்ப்புகளில் எடுக்கப்பட்டுவிட்ட குறுக்குச் சாய்வுச் சட்டங்களையும் திரும்பப் பொருத்தினார்கள். நான் அதில் கற்றுக்கொண்டது, வளைந்ததை அவசரமாக நிமிர்த்தக்கூடாது என்பது.

ஏராவின் அடியில் முன்னிருந்து பின்வரை ஒரு மெல்லிய கயிற்றை முறுக்கிக் கட்டினால் எவ்வளவு வளைவு என்று கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு கட்டையும் ஆப்பும் வைத்தோம். பிறகு முனைகளில் ஜாக்கி வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தூக்கி, சில நாள் அப்படியே விட்டு, மறுபடி கயிற்றைப் பார்ப்பது. எங்கேயாவது மரம் முனகினால் அங்கேயே நிறுத்திவிடுவோம். இது நடக்கும்போது வேறு எந்த வேலையும் தொடங்கக்கூடாது. வளைந்த நிலையில் புது விலாச்சட்டத்தைப் பொருத்திவிட்டால் அந்த வளைவை நாமே நிரந்தரமாக்கியதாக ஆகும். எங்கள் படகு முழுவதும் நிமிரவில்லை, சிறிது மிச்சம் வைத்துக்கொண்டது. அதற்கு மேல் வற்புறுத்தினால் நல்ல பலகைகள் பிளந்திருக்கும்.

கூடவே மேலே ஒரு கூரை. தார்ப்பாயைப் படகின் மேல் நேரடியாகப் போர்த்தக்கூடாது, ஒரு சட்டகத்தின் மேல் கட்டி நாலு பக்கமும் காற்று போக விட வேண்டும். மூடி வைத்த படகு உள்ளே வியர்த்தே இற்றுப்போகும்.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குத்தூசி, ஒரு ஈரமானி, நிறையச் சுண்ணக்கட்டி. நல்ல மரம் கணீர் என்று பதில் சொல்லும், இற்ற மரம் தொப் என்று ஒலியை விழுங்கிவிடும். சத்தம் மாறும் இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்த்து, சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவோம். பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பக்கூடாது, மேலே காகித கனத்துக்குப் பெயின்டும் தோலும் நிற்க, உள்ளே பொடியாக இருப்பது சாதாரணம்.

படகைக் கடல் நீர் அழுகச் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மழைநீர்தான் பெரிய எதிரி. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. முழுக்க நீருக்குள் மூழ்கிய மரத்தில் காற்றில்லை, அங்கேயும் தலையெடுக்காது. உப்பும் அதற்கு ஆகாது. ஆனால் மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு விரிசல் வழியாக நல்ல தண்ணீர் இறங்கி, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே தங்கிவிட்டால், அதைவிட வசதியான இடம் பூஞ்சைக்குக் கிடையாது. அதனால்தான் பெரும்பாலான பழைய படகுகளில் நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள பலகைகள் தெம்பாக இருக்க, மேல் விளிம்பை ஒட்டிய பலகையும், சட்டங்களின் தலையும், பின்பக்க மூலைகளும் இற்றிருக்கும். எங்களுடையதும் அப்படியே. சட்டங்களின் கால்மாட்டிலும் இற்றிருந்தது, ஏனென்றால் அடித்தண்ணீர் ஓடிப் போக விட்டிருந்த ஓட்டைகளில் குப்பை அடைத்து, அங்கே மழைநீர் குட்டையாக நின்றிருக்கிறது.

கடலின் பங்கு வேறு. கப்பல் புழு என்பது புழுவே அல்ல, சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது ஊசித்துளை அளவு வழியில் நுழைந்து, உள்ளே வளர்ந்துகொண்டே மரத்தைக் குடைந்துபோகும். வெளியே ஒரு புள்ளி, உள்ளே விரல் பருமனுக்குச் சுரங்கம், அதன் சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. உப்புக் குறைந்த நீரில் அதனால் வாழ முடியாது. 1628-இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பல் 1961-இல் ஏறக்குறைய முழு உருவத்தோடு வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம், பால்டிக் கடலின் உப்பு அதற்குப் போதாது என்பதுதான். எங்கள் படகில் ஏராவின் அடிப் பலகை ஒன்றில் மட்டும் புழு இறங்கியிருந்தது. அது மாற்றுவதற்கென்றே பூட்டிய காவல் பலகை. பழைய கட்டுநர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், தின்பதற்கு ஒரு பலகையைக் கொடுத்து ஏராவைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது எதிரி உலோகம். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கருத்து, நார் நாராக உதிர்ந்தது. துரு விரிந்து மரத்தைப் பிளப்பது ஒரு பக்கம், இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்தின் நாரையே கெடுப்பது இன்னொரு பக்கம். பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்தபோது செம்பு ஆணிகளுக்குப் பக்கத்திலேயே இரும்புத் திருகாணி போட்டிருக்கிறார்கள், அவை எலும்பு மாதிரி மெலிந்திருந்தன. இந்தப் பாடத்துக்கு வயது இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடியில் புழுவைத் தடுக்கச் செம்புத் தகடு அடித்தது. 1763-இல் பிரித்துப் பார்த்தால் தகடு பிரமாதமாக இருக்கிறது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல கரைந்துபோயிருக்கின்றன. தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் நடுவில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு தப்பியிருந்தது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் ஒன்று இன்னொன்றைத் தின்னும், அவ்வளவுதான். இதைத் தடுக்கிறேன் என்று துத்தநாகக் கட்டிகளை அள்ளி மாட்டுவதும் மரப்படகுக்கு ஆகாது. அளவுக்கு மீறினால் பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகி, மரம் வெளுத்துக் கூழாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு பலகையைக்கூடக் கழற்றவில்லை. பதிவெடுப்புதான் அடுத்து. இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான்.

ஏராவுக்கு இணையாக ஒரு நேர்க்கயிறு, அதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் தூக்குக்குண்டு, ஒவ்வொரு இடத்திலும் படகின் வெளி வளைவை பிளைவுட் துண்டில் அச்செடுப்பது. இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கண்ணால் கட்டிய படகின் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது, அதைச் சராசரி போட்டுச் சரிசெய்யப் போனால் கட்டியவரின் படகு தொலைந்துவிடும். பலகைகளின் விளிம்புக் கோடுகளை நீளமான ரீப்பர் வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே தொய்வு சேதத்தால் வந்தது, எங்கே கட்டும்போதே அப்படி இருந்தது என்று பிரிப்பது. பிறகு எண் இடுவது. ஒவ்வொரு பலகைக்கும் சட்டத்துக்கும் ஒரு எண், அதே எண் புகைப்படத்திலும் நோட்டிலும். ஆணி வரிசையின் இடைவெளி, ஆணித் தலையின் வடிவம், மரத்தின் வகை, நார் ஓடும் திசை எல்லாம் எழுதி வைத்தோம். உள்பக்கம் அழுக்கைத் துடைத்தபோது சட்டங்களில் உளியால் கீறிய வரிசைக் குறிகள் வந்தன. அவை கட்டியவர் தனக்கென்று போட்டுக்கொண்டவை. அவற்றைத் தேய்த்துவிடாமல் ஒரு மெல்லிய தாளில் ஒத்தி எடுத்து வைத்திருக்கிறோம்.

மிச்சங்களை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு டென்மார்க்கின் ரோஸ்கில்டே அருகே 1962-இல் தோண்டியெடுத்த ஸ்கல்டெலவ் கப்பல்களைப் பார்த்தால் போதும். அவற்றில் நீளமான போர்க்கப்பலில் ஏறக்குறைய கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. மர வளையங்களை எண்ணி, அது 1042 வாக்கில் டப்ளின் பக்கம் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கால்வாசியின் ஆணித் துளைகளையும் கோடரித் தடங்களையும் வைத்து, சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு அதே கருவி, அதே முறையில் மறுபடி கட்டினார்கள். 2007-இல் அது கடல் கடந்து டப்ளினுக்கே போய்ச் சேர்ந்தது. பலகையின் மேல் பலகை ஏறும் அந்த நார்டிக் படகுக் கட்டுமான மரபை 2021-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆயிரம் வருடம் சேற்றில் கிடந்த மரம் இவ்வளவு பேசுமென்றால், நம் கண்முன் கிடக்கும் முழுப் படகை நோட்டு எடுக்காமல் உடைக்க எப்படி மனம் வரும்?

கழற்றத் தொடங்கியதும் ஒரே விதி, ஒன்று போனால் ஒன்று வந்த பிறகே அடுத்தது. அடுத்தடுத்த இரண்டு விலாச்சட்டங்களை ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது. ஒன்று விட்டு ஒன்று எடுத்து, புதியதைப் பொருத்தி, பலகைகளைக் கட்டிய பிறகுதான் விட்டதை எடுக்க வேண்டும். அதற்கு முன்பே உள்ளே குறுக்காக முட்டுகளும் வெளியே அச்சுப் பலகைகளும் கொடுத்து வடிவத்தைப் பூட்டிவிட்டோம். நேரம் அதிகம் ஆகும்தான். ஆனால் படகு எப்போதும் படகாகவே நிற்கும்.

சட்டங்களை ஆவியில் வளைத்தோம். மரப்பெட்டி ஒன்று, ஒரு முனையில் கொதிகலனிலிருந்து வரும் குழாய், மறுமுனையில் பழந்துணி அடைப்பு, பெட்டி லேசான சரிவில். பொதுவாகச் சொல்லும் கணக்கு, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் ஈரத்தோடு சூடேறும்போது இளகிக் கொடுக்கிறது, குளிர்ந்ததும் அந்த வடிவிலேயே இறுகுகிறது. சூளையில் உலர்த்திய மரம் இதற்கு ஆகாது, பச்சை மரமோ பாதி உலர்ந்ததோதான் வளையும். நார் முனையிலிருந்து முனைவரை ஓட வேண்டும், பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் முறியும். பெட்டியிலிருந்து எடுத்த பிறகு கிடைப்பது சில விநாடிகள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் உள்ளே நின்று காலால் மிதித்து உட்கார வைக்க, இரண்டு பேர் கிளாம்ப் போட, பேச்சே இல்லாமல் நடக்கும். கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்பதால் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும். சில முறியத்தான் செய்யும், அதனால் எண்ணிக்கைக்கு மேல் மரம் தயாராக இருக்கட்டும். அணியத்துக்குப் பக்கத்தில் கூர்மையாக மடங்கும் சட்டங்களை ஆவியில் வளைக்கப் பார்க்காமல், இயற்கையாகவே அப்படி வளைந்து வளர்ந்த கிளை மரத்திலிருந்து வெட்டினோம். பழையவையும் அப்படித்தான் இருந்தன.

பாதி நல்லதாக இருந்த சட்டங்களுக்குப் பக்கத்தில் துணைச் சட்டம் ஒட்டிப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும், பலகையில் ஆணித் துளைகள் இரட்டிப்பாகும். இற்ற பகுதியை மட்டும் அறுத்து, சாய்வு ஒட்டில் புது மரம் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பலகைக்கும் அதே. கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு எடுத்தால் நல்ல பிடிப்பு, அதாவது 25 மி.மீ. பலகைக்கு 200 மி.மீ. அடுத்தடுத்த பலகைகளின் ஒட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது. வைரம் பாய்ந்த பகுதியிலிருந்துதான் பலகை எடுக்க வேண்டும், வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள இளமரம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், முதலில் இற்றுப்போவது அதுதான்.

புதுப் பலகைக்கு வடிவம் எடுப்பது தனிக் கலை. படகின் பக்கத்தில் நேராகத் தெரியும் பலகை, கழற்றிக் கீழே வைத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். அதனால் இடைவெளியில் ஒரு மெல்லிய தகடை இயல்பாகப் படிய வைத்து, பக்கவாட்டில் ஒருபோதும் வளைக்காமல், மேலும் கீழும் உள்ள பலகைகளின் விளிம்பைக் கவராயத்தால் அதில் குறித்து, அந்தக் குறிகளை மரத்துக்கு மாற்ற வேண்டும். பழைய இற்ற பலகை முழுதாகக் கழன்று வந்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அங்கேதான் அதை எறியாமல் வைத்திருந்ததன் பலன் தெரிந்தது. பிளந்திருந்த இடது பக்கப் பலகை இரண்டு இடத்தில் நாங்கள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. இடைவெளியை மட்டும் அளந்திருந்தால் அது கிடைத்திருக்காது, ஏனென்றால் பக்கத்துப் பலகைகள் நகர்ந்து இடத்தைச் சுருக்கியிருந்தன.

ஆணிகளில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சதுரச் செம்பு ஆணியை வெளியிலிருந்து அடித்து, உள்ளே கிண்ணம் போலக் குழிந்த செம்பு வளையத்தை ஏற்றி, மிச்ச நுனியை நறுக்கி, சின்ன உருண்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி விரித்தோம். வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித் தலையில் முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே கோணிக்கொள்ளும். ஏராவின் பெரிய போல்ட்டுகளுக்கு வெண்கலம். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி நீருக்கடியில் அதைப் போடுபவர்கள் நிறைய. அதைக் காப்பாற்றும் மேல்படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும், ஈர மரத்துக்குள் அது கிடைக்காது, தலை மின்னிக்கொண்டிருக்க நடுத்தண்டு அரித்துப்போகும். பித்தளையும் வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, மிஞ்சுவது கையால் ஒடிக்கக்கூடிய சிவந்த செம்புக் கடற்பஞ்சு.

இந்த இடத்தில் மேலே ஃபைபர் போர்த்திவிட்டால் ஒரே வேலையாகப் போய்விடுமே என்று கேட்காத ஆளில்லை. இப்படிக் கட்டிய படகின் பலகைகள் ஈரத்துக்கு விரிந்து, காய்ந்தால் சுருங்கும். அப்படி அசைவதுதான் அதன் இயல்பு. அசையாத ஃபைபர் ஓடு ஒன்றை அதன் மேல் ஒட்டினால், கொஞ்ச காலத்தில் ஓடு விரிசல் விடும். விரிசல் வழியே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்து பலகையைத் தின்னும். எபாக்சி என்ற பிசின் பசைக்கு நான் எதிரியல்ல, அதையே நம்பிக் கட்டும் படகுகளில் அது அருமையான பொருள். இதில் அதற்கு இடம் பாய்மரத்தின் ஒட்டில் மட்டும்தான் இருந்தது.

சரி, கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து நீர் புகாமல் செய்வது. எனக்கு மிகவும் பிடித்த வேலை. பலகைகள் உள்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், வெளிப்பக்கம் மட்டும் லேசாகத் திறந்திருக்கும். 25 மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.5 மி.மீ. திறப்பு. முதலில் பழைய பஞ்சையும், அதன் மேல் பூசி இடுக்கை மூடிய காய்ந்த மக்கையும் கொக்கி வைத்து இழுத்து எடுக்க வேண்டும், மின்கருவி வேண்டாம், விளிம்பு உடைந்தால் பஞ்சு பிடிக்காது. எங்களோடு மூத்த தச்சர் ஒருவர் வந்து நின்றார். "தம்பி, கையைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள்" என்று அவர் சொன்னதை விட நல்ல பாடம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. பஞ்சுத் திரியைச் சின்னச் சின்ன மடிப்புகளாக இடுக்கில் செருகி, தட்டையான உளியும் கொட்டாப்புளியும் வைத்து உள்ளே இறுக்கும்போது முதலில் ஒலி மந்தமாக இருக்கும், போதுமான இறுக்கம் வந்ததும் கணீர் என்று மாறும். அங்கே நிறுத்த வேண்டும். தொடர்ந்து அடித்தால் பஞ்சு மறுபக்கம் வெளியே வரும், இல்லாவிட்டால் பலகையையே சட்டத்திலிருந்து தள்ளிவிடும். இடுக்கு அகலமானால் மடிப்பு நெருக்கமாக, குறுகினால் கிட்டத்தட்ட நேராக. மெல்லிய பலகைக்குப் பஞ்சு, கனமான பலகைக்குத் தார் ஊறிய சணல் நார்.

காய்ந்துபோன படகில் இடுக்குகள் பெரிதாகத் தெரிவதைப் பார்த்துப் பஞ்சைத் திணித்துவிடக் கூடாது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் விரியும், அதிலும் வளையங்களின் போக்கில் விரிவது வளையங்களுக்குக் குறுக்கே விரிவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீரில் இறங்கியதும் பலகைகள் ஊதி நெருங்கும்போது, இடமில்லாமல் பஞ்சு அடைத்திருந்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும், சட்டம் முறியும். ஆகவே இந்த வேலைக்கு முன்பே உள்ளே ஈரச் சாக்குகளை விரித்து, உப்புநீர் தெளித்து, பலகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஈரத்துக்குக் கொண்டுவந்தோம். நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், அது பூஞ்சைக்கு விருந்து. முழுதாக நீர் நிரப்புவதும் வேண்டாம், அந்தக் கனத்தை வெளியிலிருந்து எதுவும் தாங்கவில்லை.

பஞ்சு ஏறியதும் அதன் மேல் நீர்த்த பெயின்டை ஒரு மெல்லிய தூரிகையால் ஊட்டினோம், இல்லாவிட்டால் உலர்ந்த பஞ்சு மக்கிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அதை உதிரச் செய்யும். மக்கு, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. பழைய முறையில் ஈயச் செந்தூரம் சேர்ப்பார்கள், வேலை செய்யும், ஆனால் விஷம். பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் அதிலும் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, முகமூடி போட்டு, உலர வைத்துத் தேய்க்காமல் ஈரத்தில் சுரண்டினோம். நீர்க்கோட்டுக்குக் கீழே மக்கைப் பலகை மட்டத்துக்கு வழிக்காமல் சற்றுக் குழிவாக விட வேண்டும். பலகை விரியும்போது அது பிதுங்கி மட்டத்துக்கு வந்துவிடும்.

பாய்மரம் நன்றாகவே இருந்தது, அதன் அடிமுனையைத் தவிர. மழைநீர் மரத்தின் மேலாக வழிந்து, அது நிற்கும் குழியில் தேங்கியிருக்கிறது. முனையை அறுத்துச் சாய்வு ஒட்டில் புதுத் துண்டு சேர்த்து, குழிக்கு ஒரு வடிகால் துளை போட்டோம், அதுவரை முன்பு இல்லாத ஒன்றை நாங்கள் சேர்த்தது அது மட்டும்தான், நோட்டிலும் அதை எழுதியிருக்கிறோம். பழைய பாய் கந்தலாக இருந்தாலும் தரையில் விரித்து அளவெடுத்தோம். முக்கோணப் பாயின் வயிறு எவ்வளவு, விளிம்புகள் எவ்வளவு வளைந்து வெட்டப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் அந்தக் கந்தலில்தான் இருந்தன. பருமலின் முன்முனை, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு கட்டும் இடம், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு உரசித் தேய்த்த பள்ளம், இவையும் அளவுகள்தான். புதிதாகத் துளைபோடும் முன் பழைய தேய்மானத்தைப் பாருங்கள், கயிறு எங்கே போக விரும்புகிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இறக்கிய அன்று கசிந்தது. கசிய வேண்டும். தூக்கும் பட்டைகளை அவிழ்க்காமல், படகை நீரில் தொங்கவிட்டு, இரவு முழுக்க ஆள் வைத்துப் பம்ப் ஓட்டினோம். எங்கெங்கே கசிவு, எவ்வளவு என்று உள்ளே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தோம். பலகைகள் விரிய விரிய ஒவ்வொரு குறியாக அடங்கியது. அடங்காமல் நின்றது பின்பக்கம் ஏராவும் அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் தண்டு மரமும் சேரும் மூட்டு ஒன்று. அதற்குப் படகை மறுபடி தூக்கி, அந்த மூட்டின் குறுக்கே துளைபோட்டு மெத்தென்ற மரமுளை ஒன்றை அடித்தோம். அது நீரில் ஊறிப் பருத்து, மூட்டு வழியே உள்ளே ஏறிய தண்ணீரைத் தடுத்துவிட்டது. இதுவும் பழைய முறைதான்.

முதல் ஓட்டத்தில் இளங்காற்றிலேயே படகு காற்றை நோக்கித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. சுக்கானை இழுத்துப் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்தது. உள்ளே இருந்த பாரக்கற்களைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, பாய்மரத்தின் சாய்வை ஒரு கை அளவு முன்னே தள்ளியதும் சுக்கான் லேசாகிவிட்டது. அதன் பிறகு காற்றுக்கு எவ்வளவு நெருங்கிப் போகும், அலையில் எப்படித் தலை தூக்கும் என்பதையெல்லாம் மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

பராமரிப்பு பெரிய மந்திரம் இல்லை. அடிப்பலகைகளைத் திறந்து வைத்து உள்ளே காற்றோட விடுவது, மழைநீரைத் தேங்க விடாதது, மேல்தளத்தை உப்புநீரில் மட்டும் கழுவுவது, வடிகால் ஓட்டைகளில் ஒரு சங்கிலியை ஓட விட்டு அவ்வப்போது இழுத்துக் குப்பையை அகற்றுவது. காய விட்டு, ஊற விட்டு, மறுபடி காய விடுவதைக் குறைப்பதும் முக்கியம். விரியும்போது பலகை விளிம்புகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்கின்றன, நசுங்கிய நார் திரும்ப எழாது, அடுத்த தடவை காயும்போது இடுக்கு இன்னும் அகலமாகும்.

மேல்தளத்தின் பின்பக்கக் குறுக்குச் சட்டங்கள் இரண்டை இன்னும் மாற்றவில்லை. தட்டினால் ஒலி பாதி மந்தமாக இருக்கிறது, ஈரமானி 18 காட்டுகிறது, இப்போதைக்குப் பரவாது. அவற்றுக்கான மரத்தை அறுத்து, நிழலில் இடைக்கட்டைகள் வைத்து அடுக்கியாகிவிட்டது. 25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்ற கணக்கில் அது உலரட்டும். அடுத்து கரையேற்றும்போது முதலில் பழையவற்றுக்கு எண் போட்டு, அச்செடுத்து, அப்புறம்தான் கழற்றுவோம்.